செய்தி சென்றது; நாம் சென்றோமா?

பங்கில் ஒருவர் இறந்தால் கோவில் மணி விட்டுவிட்டு ஒலிக்கும். கேட்டவர்கள் கைவேலையை நிறுத்தி, யாரென்று விசாரித்து, அந்த வீட்டை நோக்கி நடப்பார்கள். இன்று மணிக்கு முன்பே கைப்பேசி அறிவித்துவிடுகிறது. அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில் இறந்தவரின் படம் வருகிறது. அதன்கீழ் கூப்பிய கைகளும் கண்ணீர் முகங்களும் வரிசையாக வந்து சேருகின்றன. நாமும் ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்த செய்திக்குப் போகிறோம். மூன்று தெரு தள்ளியுள்ள அந்த வீட்டிற்கு நாம் போகவில்லை என்பது பல வேளைகளில் நம் நினைவுக்கே வருவதில்லை. அனுதாபம் தெரிவித்துவிட்டால் ஆறுதல் அளித்ததாகுமா?

தொலைவிலிருந்து துயரம் பகிர்வது புதிதன்று. 2013 ஜூலை வரை நம் நாட்டில் தந்தி இருந்தது. அஞ்சலகத்தில் எண்ணிட்ட ஆயத்த வாசகங்களும் இருந்தன. எண்ணைக் குறித்தால் போதும். ஆனால் அது வர இயலாதவரின் வழி. சாவுச் செய்தியுடன் தந்தி வந்தால், இயன்றவர் அன்றிரவே பேருந்து ஏறினர். அன்று செய்தி பயணத்தின் தொடக்கமாக இருந்தது. இன்று அதுவே பயணத்திற்கு மாற்றாகிவிடுகிறது.

கருவியைப் பழிப்பது நம் நோக்கமன்று. 2020 ஆம் ஆண்டின் ஊரடங்கில் பெற்றவரின் அடக்கத்தைக் கைப்பேசித் திரையில் கண்டு அழுத பிள்ளைகள் எத்தனை பேர்! அந்த மார்ச் 27 அன்று மழை நனைத்த வெறுமையான பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிசு வழங்கிய ஆசீரை நாம் வீட்டிலிருந்தே பெற்றோம். வழியடைபட்டவர்க்குத் திரை ஓர் இரக்கமே. எனினும் இணையத்தில் திருவருட்சாதனங்கள் இல்லை என்று 2002 ஆம் ஆண்டிலேயே வத்திக்கான் ஏடு ஒன்று தெளிவுபடுத்தியது. அப்பம் உண்ணப்பட வேண்டும். எண்ணெய் நெற்றியைத் தொட வேண்டும். வாக்கு மனிதரானார் என்பதன்றோ நம் விசுவாசம்!

நூற்றுவர் தலைவரின் ஊழியரை இயேசு அவர் வீட்டிற்குள் செல்லாமலே, ஒரு சொல்லால் நலமாக்கினார். தொலைவு அவருக்குத் தடையன்று. ஆயினும் இலாசர் இறந்தபோது, தம்மைக் கல்லெறிய முயன்ற யூதேயாவுக்கே திரும்பி, பெத்தானியாவுக்கு நடந்து சென்றார். மார்த்தாவின் மனக்குறையைக் கேட்டார், மரியாவின் கண்ணீரைக் கண்டார், தாமும் அழுதார். இருந்த இடத்திலிருந்தே உயிர்ப்பித்திருக்கலாம், கல்லறைவரை சென்றார். தாளும் மையும் போதா, நேரில் வந்து பேசினால்தான் மகிழ்ச்சி நிறைவுறும் என்பதே யோவானின் இரண்டாம் திருமுகம் முடியும் இடத்தில் நாம் காணும் மனநிலையும்.

நேரில் செல்வதில் அப்படி என்ன இருக்கிறது? மௌனம் இருக்கிறது. யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் பேசாது அமர்ந்திருந்தனர். அவர்கள் செய்தவற்றுள் சிறந்தது அதுவே. வாய் திறந்த பின்னரே தவறினர். குழுவில் மௌனமாயிருப்பவர் இல்லாதவராகவே எண்ணப்படுவார். துக்க வீட்டிலோ பேசாமல் அமர்ந்திருப்பவரும் துணையாயிருக்கிறார். என்ன சொல்வதென்று தெரியாமல் ஒரு விதவையின் முன் அமர்வது கடினம். அந்தச் சங்கடத்திலிருந்துதான் கைப்பேசி நம்மைக் காப்பாற்றுகிறது. சங்கடம் தப்பியது, அன்பும் அதோடு தப்பிப் போயிற்று.

ஆகவே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி எளியது: நாம் அனுப்பும் செய்தி நம்மை எழுப்பி நடக்கச் செய்கிறதா, இருந்த இடத்திலேயே அமர்த்திவிடுகிறதா? கடல் கடந்து இருப்பவர் அழைத்துப் பேசட்டும். அது அவரால் இயன்ற பயணம். அருகிலிருக்கும் நாம் 'வருகிறோம்' என்ற ஒரு சொல்லை அனுப்பிவிட்டுச் செருப்பை மாட்டுவோம். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து உறவினர் கலைந்த பின், குழுவில் அந்தப் பெயரை எவரும் நினைக்காத ஒரு மாலையில், அந்தக் கதவை இன்னொரு முறை தட்டுவோம்.