செவி எனும் அமானிதம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. வளைவுதோறும் ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்துகிறார். எதிரே இறங்கி வரும் வண்டியைப் பாறையும் மரமும் மறைத்து நிற்க, கண்ணால் ஆகாத காரியத்தை அங்கே செவி செய்து முடிக்கிறது. திருமறையில் கேள்வியும் பார்வையும் சேர்த்துச் சொல்லப்படும் இடங்களில் பெரும்பாலும் கேள்வியே முன்னால் நிற்கும் என்பதைப் பல்லாண்டுகளாக மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லி வருகிறோம். விரிவுரையாளர்கள் அதற்குப் பல காரணங்கள் கூறுவர். அம்மலைப் பாதையில் நமக்கு மற்றொன்று தோன்றியது. கண் எதிரே உள்ளதை மட்டுமே அறியும். செவியோ பின்னால் உள்ளதையும், இருளில் உள்ளதையும், வளைவுக்கு அப்பால் உள்ளதையும் அறியும். அதனாலன்றோ கண்ணுக்கு இமை தந்த இறைவன் செவிக்கு மூடி தரவில்லை!

அவன் தராத மூடியை இன்று நாம் கடையில் வாங்கிப் பொருத்திக் கொள்கிறோம். அது கூடுமா, கூடாதா என்று தீர்ப்பு வழங்க நாம் இதை எழுதவில்லை. நம் செவி நமக்கே சொந்தமா, அன்றிப் பிறருக்கும் அதில் பங்கு உண்டா என்ற வினாவே நம்மை எழுதத் தூண்டியது.

சென்ற கோடையில் நம் மகன் தீப்பெட்டியளவே உள்ள ஒரு கருவியையும், காதை முழுதும் மூடும் ஹெட்போன் ஒன்றையும் நமக்குத் தந்தான். கருவியின் பெயர் புளூடூத் ஆம்ப்ளிஃபையர். ஸ்மார்ட்போன் ஒலியை எண்களாக மாற்றிச் சுருக்கி, வானொலி அலையாகக் கம்பியின்றி அனுப்புகிறது. சிறு பெட்டி அதைப் பெற்று மீண்டும் மின்னலையாக்கி, வலுவூட்டி, ஹெட்போனின் கம்பி வழியே செவியில் சேர்க்கிறது. இப்போது பல கைபேசிகளில் கம்பி செருகும் துளையே இல்லை. பெரிய ஹெட்போன்கள் சிலவற்றை இயக்கக் கைபேசியின் மின்வலுவும் போதாது. அக்குறைகளை நீக்கவே இப்பெட்டி. புளூடூத் என்பது பத்தாம் நூற்றாண்டில் சிதறிக் கிடந்த டேனிய மக்களை ஒன்றாக்கியதாகச் சொல்லப்படும் ஹரால்டு மன்னரின் பட்டப்பெயராம். ஒன்று சேர்த்தவரின் பெயர் தாங்கிய கருவி, அருகருகே இருப்போரைத் தனித்தனியே பிரித்து வைப்பது விந்தையே.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் ஒன்றை ஒட்டிய உறவினர் இல்லத்தில் நானும் துணைவியாருமாக ஒரு வாரம் தங்கியிருந்தோம். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த காப்பிப் பயிர், இன்றும் சில்வர் ஓக் மரநிழலில் செழித்து நிற்கிறது. மரத்தின்மீது மிளகுக் கொடி, கொடியின்மீது பனி. ஒருநாள் சுபுஹுத் தொழுகை முடித்துத் திண்ணையில் அமர்ந்து, ஹெட்போனை அணிந்து, காரி ஒருவரின் கிராஅத்தைக் கேட்கத் தொடங்கினோம். ஓதுபவர் மூச்சு எடுப்பதும், எழுத்துகள் அவற்றின் பிறப்பிடத்தில் கனிந்து உருவாவதும் அத்தனை தெளிவாக வந்தன. நம் கண்கள் நனைந்ததை ஒப்புக்கொள்கிறோம்.

அதே வேளையில் பாசி படிந்த படியில் நம் துணைவியார் வழுக்கி விழுந்து, கணுக்கால் பிசகி, எழ இயலாமல் நம்மை அழைத்துக் கொண்டிருந்தார். நாம் இருந்த இடத்திற்கும் அவர் விழுந்த இடத்திற்கும் முப்பது அடி கூட இராது. தோட்ட வேலைக்குச் சாலையில் போய்க் கொண்டிருந்த ஒரு பெண்மணி குரல் கேட்டு ஓடிவந்து அவரைத் தூக்கி அமர்த்திய பின், நம் தோளைத் தட்டினார்.

"பாய், அம்மா எவ்வளவு நேரமாக் கூப்பிடுறாங்க, கேக்கலையா?"

நாம் விடை சொல்லத் தெரியாமல் நின்றோம். துணைவியாரோ வலியோடு, "விடுங்க, ஓதலைத்தானே கேட்டுக்கிட்டு இருந்தீங்க" என்று நமக்காகப் பரிந்து பேசினார். சாலையில் போனவரின் கேள்வியைவிட அந்தப் பரிவே நம்மை அதிகம் சுட்டது. நல்லதைக் கேட்டிருந்தோம் என்பது, கேட்க வேண்டியதைக் கேளாமற் போனதற்குச் சமாதானம் ஆகுமா?

ஹதீஸ் நூல்களில் வரும் ஜுரைஜ் என்னும் துறவியின் வரலாறு அப்போது நினைவில் எழுந்தது. அவர் தொழுது கொண்டிருந்தபோது தாய் வந்து அழைத்தார். தாய்க்கு விடையளிப்பதா, தொழுகையைத் தொடர்வதா என உள்ளத்தில் தடுமாறி, அவர் தொழுகையையே தேர்ந்தார். மீண்டும் மீண்டும் அவ்வாறே நிகழ, மனம் நொந்த தாயின் வாக்கு அவருக்குப் பெரும் சோதனையாய் முடிந்தது. அவர் தொழுதது உபரியான தொழுகை. ஆதலின் தாய்க்கு மறுமொழி தருவதே ஏற்றதாயிருந்தது என்று அறிஞர்கள் கூறுவதை இமாம் நவவீ எடுத்துரைக்கிறார். ஜுரைஜுக்காவது அழைப்பு காதில் விழுந்தது, அவர் தேர்ந்தெடுத்தார். நாமோ தேர்ந்தெடுக்கும் வாய்ப்பையே முன்கூட்டி அடைத்துவிட்டோம்.

இதற்கு மாறாகப் பெருமானார் (ஸல்) அவர்களின் நடைமுறையைப் பாருங்கள். தொழுகையை நீட்டித் தொழ எண்ணி நின்ற வேளையிலும், குழந்தையின் அழுகை கேட்டால், அதன் தாய் படும் துன்பத்தை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக் கொள்வார்கள். இறைவனை நோக்கி நின்ற நிலையிலும் அந்தச் செவி பின்வரிசைக்குத் திறந்தே இருந்தது.

ஹனஃபி சட்ட நூல்களில் நுட்பமான சட்டம் ஒன்று உண்டு. ஸஜ்தா வசனத்தை மனிதர் ஓதக் கேட்டால் ஸஜ்தா கடமையாகும். மலையில் பட்டுத் திரும்பும் எதிரொலியில் கேட்டால் கடமையாகாது. பதிவு செய்த ஒலியையும் பிற்கால அறிஞர் பலர் இவ்வகையிலேயே சேர்த்தனர். அதைக் கேட்பது நன்மை; ஆனால் உயிருள்ள குரலுக்கு உள்ள உரிமை அதற்கு இல்லை. எனவே நாம் திண்ணையில் செய்தது யாது? உரிமையற்ற ஒலிக்காக உரிமையுள்ள குரலை வெளியே நிறுத்தினோம். கருவி அதைச் செய்யவில்லை, நாமே செய்தோம்.

இனி மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பள்ளிவாசலில் சிலர் உரக்க ஓதியபோது, ஒருவர் ஓதல் மற்றவருக்கு இடையூறாகக் கூடாது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். பேருந்தில் கைபேசியை அலறவிட்டு அனைவரின் காதையும் வருத்துகிறவரைவிட, ஹெட்போனில் தனக்குள் கேட்பவர் மரியாதை அறிந்தவரே. தனிமையும் மனிதனுக்குத் தேவை. உறங்குபவரும்தான் கேட்பதில்லை, அவரைக் குற்றம் சொல்வோமா என்று நம் மகன் வாதித்தான். உறங்குபவரை எழுப்பலாம் என்பது வீட்டாருக்குத் தெரியும். அவர் உறங்குகிறார் என்பதும் தெரியும். நாமோ விழித்திருப்பவர்போல் அமர்ந்திருந்தோம். அதை நம்பியே அவர் நம்மை அழைத்தார்.

ஆகவே, செவியை மூடுவது எங்கும் குற்றம் என்பதன்று நம் கருத்து. நம்மை நம்பி அழைக்கக்கூடியவர் அருகில் இருக்கும்போது, சொல்லாமல் மூடுவதே குற்றம். வண்டியோட்டுகிறவரை நம்பி எத்தனை உயிர்கள்! 2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசம் குஷிநகரில் ஆளில்லா ரயில் கடவில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 13 பிள்ளைகள் மாண்டனர். ஓட்டுநர் காதில் இயர்போன் அணிந்திருந்தார் என்று அப்போது செய்திகள் கூறின.

செவிக்கே நாம் பட்டிருக்கும் கடனும் ஒன்று உண்டு. உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. வாரத்திற்கு 80 டெசிபல் ஒலியில் 40 மணி நேரம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வகுத்த எல்லை. 90 டெசிபல் ஆனால் அது 4 மணி நேரமாகக் குறுகிவிடும். பேருந்தின் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டிக்கொண்டே போகும் பிள்ளைகளுக்கு, வலுவூட்டும் பெட்டியும் கையில் இருந்தால் எல்லை கடந்தது தெரியாது. அமானிதப் பொருளை அழித்துவிட்டுத் திருப்பித் தர முடியுமா?

தமிழில் 'கேள்' என்னும் சொல் செவியுறுதலைக் குறிக்கும், வினவுதலைக் குறிக்கும், உறவையும் குறிக்கும். மூன்றும் ஒரே சொல்லில் தங்கியிருப்பதை இலக்கணம் கற்பிக்கும்போது சொல்லியிருக்கிறோம். அதை உணர நமக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மலையும் ஒரு பாசிப்படியும் தேவைப்பட்டன.

அக்கருவியை நாம் வீசிவிடவில்லை. இப்போதும் கிராஅத் கேட்கிறோம். அணியுமுன் வீட்டில் சொல்லிவிடுகிறோம். வீட்டில் வேறு எவரும் இல்லையெனில் ஒரு காதைத் திறந்தே வைக்கிறோம். ஏற்காட்டிலிருந்து இறங்கிய நாளில் துணைவியார் காலில் கட்டோடு சன்னலோரம் அமர்ந்திருந்தார். கருவி பையில் இருந்தது. 20 வளைவுகளிலும் ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்த, அப்பால் இருந்த வண்டிகள் விடையளித்ததைக் கேட்டுக்கொண்டே வந்தோம்.