ஒரு வெள்ளி குறைந்திருந்தால்

2018 ஏப்ரல் 28, வேட்புமனுத் தாக்கல் நாள். பத்து தொகுதியில் தியான் சுவாவின் மனு நிராகரிக்கப்பட்ட செய்தி வந்தபோது நானும் நண்பரும் மாமாக் கடையில் இருந்தோம். "ரெண்டாயிரம் வெள்ளி அபராதத்துக்கா? ஒரு வெள்ளி குறைச்சிருந்தா நின்னிருப்பாரே! மக்கள் முடிவு பண்ணட்டுமே" என்று கொதித்தது நான்தான்.

ஓராண்டுக்குக் குறையாத சிறையோ 2,000 வெள்ளிக்குக் குறையாத அபராதமோ பெற்று, மன்னிப்பும் கிடைக்காதவர் நாடாளுமன்றத்துக்குத் தகுதியற்றவர் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 48வது பிரிவு. 'குறையாத' என்றால் 2,000மும் அதில் சேரும். தேர்தல் அதிகாரி அப்படித்தான் படித்தார். ஆனால் 2010இல் வேறொரு வழக்கில் இதே மனிதருக்கு மேல்முறையீட்டில் இதே 2,000 வெள்ளி அபராதம். அப்போது பதவி போகவில்லை. 2013இல் நின்று வென்றார். சட்டத்தின் வாசகம் மாறவில்லை, விளைவு மட்டும் மாறியது. கோடு எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியாவிட்டால் அதைச் சட்டத்தின் ஆட்சி என்று எப்படிச் சொல்வது?

2022 ஆகஸ்டு 23இல் நஜிப் ரசாக்கின் 12 ஆண்டுச் சிறையையும் 21 கோடி வெள்ளி அபராதத்தையும் கூட்டரசு நீதிமன்றம் உறுதிசெய்தது. மன்னிப்பு மனு போட்டதால் பெக்கான் உறுப்பினர் பதவி உடனே போகவில்லை. ஆனால் நவம்பர் பொதுத்தேர்தலில் அவரால் நிற்க முடியவில்லை. அதே 48வது பிரிவுதான். இம்முறை எனக்கு மகிழ்ச்சி.

நண்பர் விடவில்லை. "அன்னிக்கு மக்கள் முடிவு பண்ணட்டும்னீங்க. பெக்கான்ல இருக்கிறவங்க மக்கள் இல்லையா?"

அன்று பதில் வரவில்லை. இப்போது இப்படி யோசிக்கிறேன். தொகுதி மக்கள் தங்கள் ஆளை மன்னிக்கலாம். ஆனால் அவர் கைதூக்கி நிறைவேற்றும் சட்டம் அவருக்கு ஓட்டுப் போட உரிமையில்லாத என்னையும் ஆளும். அதனால் ஒரு தடை வேண்டும். அது குற்றத்தின் தன்மையை அளக்க வேண்டும். தொகையை மட்டும் அளந்தால், நீதிபதி அபராதம் எழுதும்போதே ஒரு தொகுதியின் தலையெழுத்தையும் எழுதிவிடுகிறார். இதே 2,000த்தை வைத்திருந்த சிங்கப்பூர், 2022இல் அதை 10,000 சிங்கப்பூர் வெள்ளியாக உயர்த்தியது. நாம் இன்னும் பழைய எண்ணிலேயே நிற்கிறோம்.

கோட்டைத் திருத்தச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஆளைப் பார்த்து அதை நகர்த்தச் சொல்ல உரிமையில்லை. 2018இலும் 2022இலும் நான் செய்தது இரண்டாவதைத்தான்.