கையை எடுக்கவும் பழக வேண்டும்

கண்டி, பேராதனை ஆஸ்பத்திரிகளில் குறைமாதக் குழந்தைகளை வைத்திருக்கும் இடத்தைப் 'பி.பி.யு.' என்றே சொல்வார்கள். தாதியம் படிக்கும் மாணவிகளுக்கு அங்கே முதல் நாள் கை நடுங்கும். ஒரு கிலோகூட நிறையாத உடம்பு, நரம்போட்டம் தெரியும் தோல், சில வேளை மூச்சுவிடவே மறந்துபோகும் மூளை. அந்த நடுக்கத்தைப் போக்குவதே பயிற்சி என்று நாம் நினைக்கிறோம். அது பாதிதான்.

நடுக்கம் போனபின் வேறொரு தயக்கம் அந்தக் கையில் தங்க வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு ஒவ்வொரு தொடுகையும் செலவு. துணி மாற்றினால் உடம்பு குளிரும், ஊசி குத்தினால் இரத்தத்தில் ஒக்சிசன் இறங்கும். ஆகவே, தேர்ந்த தாதி துணி மாற்றுவது, சூடு பார்ப்பது, குழாய் வழியே தாய்ப்பால் கொடுப்பது எல்லாவற்றையும் ஒரே வேளையில் முடித்துவிட்டுப் பிள்ளையைத் தூங்க விடுவாள். மொனிட்டர் அலறினால் அதன் இலக்கத்துக்கு முன் பிள்ளையின் நிறத்தையும் நெஞ்சுக்குழியையும் பார்ப்பாள்.

அதிகம் செய்வதே அன்பு என்ற எண்ணத்துக்கு மருத்துவம் பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1940களில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தாராளமாக ஒக்சிசன் கொடுத்தார்கள். உலகெங்கும் ஏறத்தாழ பத்தாயிரம் பிள்ளைகள் பார்வை இழந்தார்கள். காரணம் அந்த ஒக்சிசனாக இருக்கலாம் என்று 1951இல் சுட்டிக்காட்டியவர் மெல்பேர்ன் மருத்துவர் கேட் கேம்ப்பெல். அந்தப் பிள்ளைகளைக் குருடாக்கியது அலட்சியம் அல்ல, அக்கறைதான். ஒக்சிசன் குழாயைத் திருகும் ஒவ்வொரு மாணவிக்கும் இந்தக் கதையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பேன்.

கையை எடுத்ததால் பலன் கிடைத்த கதையும் உண்டு. 1978இல் கொலம்பியாவின் போகோட்டாவில் இன்கியுபேட்டர் போதாமல் எட்கர் ரே என்ற மருத்துவர் குறைமாதக் குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் கட்டிவைத்தார். வறுமைக்குக் கண்ட வழி என்றுதான் பலரும் நினைத்தார்கள். பிறந்தவுடனேயே அப்படி அணைத்த சிறு குழந்தைகளில் மரணம் கால்வாசி குறைந்ததாக, இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021இல் காட்டியது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. எனக்கு இதில் தெரிவது ஒன்றுதான்: தாதியின் திறமையின் உச்சம் குழந்தையைத் தாயிடம் திருப்பிக் கொடுப்பது.

அது மலையகத்தில் இலேசான காரியம் அல்ல. கலஹாவிலிருந்தோ தெல்தோட்டையிலிருந்தோ வரும் தோட்டத்துத் தாய் தமிழில் மட்டும் பேசுவாள், வார்ட்டில் பெரும்பாலும் சிங்களம். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடப்பது தன் பிள்ளைதான் என்றாலும், "மிஸி, தொடலாமா?" என்று கேட்கக்கூடத் துணியமாட்டாள். "பயப்படாதீங்கம்மா, கை கழுவிட்டு வந்து நீங்களே தூக்குங்க" என்று அவளுடைய மொழியில் சொல்ல ஒருவர் வேண்டும்.

தாதியம் கற்பிப்பவர்களே, பிறந்த பிள்ளையைப் பராமரிக்கும் பாடத்தோடு இந்த நாலு வார்த்தைத் தமிழையும் சேர்த்துக் கற்பியுங்கள். மாணவி குழாயை எவ்வளவு நேர்த்தியாகப் போட்டாள் என்று பார்க்கும்போது, அந்தத் தாய் பயமில்லாமல் தூக்கினாளா என்பதையும் பார்த்துப் புள்ளி போடுங்கள்.