ஆட்ட விதியும் அறமும்

விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு. அதற்கும் அறத்துக்கும் யாது தொடர்பு என வினவுவார் உளர். ஆயின் ஒரு சமுதாயம் நீதியைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணம் நீதிமன்றத்தில் மட்டுமன்றி, வாசிகசாலைத் திண்ணையில் நால்வர் கூடி ஆடும் கடதாசி ஆட்டத்திலும் புலப்படும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் நெடுங்காலமாகப் பயின்றுவரும் ‘முந்நூற்று நான்கு’ என்னும் ஆட்டம் இதற்குத் தக்க சான்றாகும்.

இவ்வாட்டத்துக்குரிய கடதாசிகள் 32. எதிரெதிரே அமர்வோர் ஒரு கட்சியினர். ஒவ்வோர் இனத்திலும் வீரனுக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2 எனப் புள்ளிகள் உள. எட்டும் ஏழும் பெறுமதியற்றன. ஓர் இனத்துக்கு 76 ஆக, நான்கு இனங்களுக்கும் 304 புள்ளிகள் வருதலின் ஆட்டம் இப்பெயர் பெற்றது.

இக்கணக்கில் எவருக்கும் பிணக்கில்லை. பிணக்கு எழுவது வேறிடத்திலாகும். மிக மோசமான கை வந்தவர் கடதாசியை மீளப் போடுமாறு கோரலாமா? கையில் இனம் இருக்கத் துரும்பால் வெட்டியவருக்குத் தண்டம் யாது? எல்லாப் பிடிகளையும் தம் கட்சியே எடுக்கும் என்பதை எந்தக் கட்டத்தில் அறிவித்தல் வேண்டும்? இவற்றுக்கு ஊருக்கு ஊர் விடை வேறுபடலாம். ஒரே ஊரார் ஒரே திண்ணையில் ஆடும்வரை இதனால் தீங்கில்லை. வழக்கமே அங்கு விதி. வெவ்வேறு ஊரார் எதிர்ப்படும் சுற்றுப்போட்டியிலோ, பல ஊரவர் ஒன்றுகூடும் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ, வழக்கம் ஒன்றன்று; பலவாகும்.

அத்தகைய போட்டி ஒன்றில், கை மோசமாக வந்த ஒருவர், “எங்கள் ஊரில் மீளப் போடுவது வழக்கம்” என்கிறார் எனக் கொள்க. அவர் பொய்யுரைக்கவில்லை. “எங்கள் ஊரில் அவ்வழக்கம் இல்லை” என மறுப்பவரும் பொய்யுரைக்கவில்லை. எனினும் இருவரும் தத்தம் கையைப் பார்த்த பின்னரே பேசுகின்றனர். அக்கணத்தில் அவர்கள் வழக்கத்துக்குச் சாட்சிகள் அல்லர். வழக்கின் கட்சிக்காரர் ஆகிவிட்டனர். நேர்மையுள்ளோரையும் ஐயத்துக்குரியோராக்குவது விதியின்மையே. ஜோன் றோல்ஸ் 1971இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலில், தமக்கு எந்நிலை வாய்க்கும் என்பதை அறியாதோர் வகுக்கும் விதியே நேரியது என வாதிட்டார். கடதாசி பகிரப்படுமுன் வகுத்த விதி அத்தகையது.

போக்கர் ஆட்டத்தின் வரலாறும் இதனையே உணர்த்தும். பணம் வைத்து ஆடும் ஆட்டமாதலின் அதனைச் சூது என்று கடிவோர் பலர். வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரம் வகுத்தது போலவே நடுவுநிலைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். சூதைக் கடிதல் ஒன்று. அதன் அனுபவத்திலிருந்து நடுவுநிலைமையைக் கற்றல் வேறொன்று. லாஸ் வேகாஸ் நகரில் 1970இல் உலகப் போக்கர் தொடர் தொடங்கிய பின்னரும், மண்டபத்துக்கு மண்டபம் விதிகள் வேறுபட்டன. 2001இல் போட்டி நெறியாளர் சங்கம் தோன்றிப் பொதுவிதிகளை வகுத்தது. ஆட்டத்தின் நலனும் நேர்மையுமே தீர்ப்பில் முதலிடம் பெறல் வேண்டும் என்பது அதன் முதல் விதியின் கருத்து.

விதிகளை எழுதிவைத்தால் வழக்கத்தின் நெகிழ்ச்சி அழியும் என்பது எதிர்வாதம். யாழ்ப்பாணத்தவர் இதனை எளிதில் ஒதுக்க இயலாது. ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, பன்னிரு முதலியாரின் ஒப்புதலோடு 1707இல் சட்ட வலுப் பெற்றது. வாய்வழக்கு உறுதி பெற்றமை அதனால் விளைந்த நன்மை. முதலியார் அல்லாதோரின் குரல் அவ்வொப்புதலில் இடம்பெறாமையும், மாறத்தக்க வழக்கம் ஏட்டில் இறுகியமையும் அதன் விலை.

ஆகவே எழுதப்படும் விதி எல்லோரையும் கேட்டு எழுதப்படல் வேண்டும். திருத்தத்துக்கும் இடமளித்தல் வேண்டும். ஆனால் அத்திருத்தம் இரு போட்டிகளுக்கு இடையில் நிகழவேண்டுமேயன்றி, ஒரு போட்டியின் நடுவில் அன்று. விதி எதிர்பாராத நிலையும் தோன்றும். பொதுவிதி தவறுமிடத்து அதனைச் செம்மை செய்யும் நியாயம் வேண்டுமென அரிஸ்டோட்டில் கூறியது உண்மையே. அவ்வுரிமை நடுவருக்கு உண்டு என்பதையும் முன்னரே அறிவித்துவிடின், அதுவும் ஒரு விதியாகிவிடும்.

திண்ணை ஆட்டத்துக்கு ஊர்வழக்கே போதும். அதனை அழிக்க வேண்டுவதில்லை. அயலூரார் வந்து அமரும் மேசைக்கோ பொதுவிதி வேண்டும். அவ்விதி மிகச் சிறந்ததாக இல்லாவிடினும் ஆகுக. கடதாசி பகிருமுன் நால்வரும் அறிந்த ஒன்றாக இருத்தல் வேண்டும். தோற்றவர், “விதியால் அன்று, கையால் தோற்றேன்” எனச் சொல்லி எழுந்து செல்வாராயின், அவ்வாட்டத்தில் அறம் வென்றது எனலாம்.