அந்தி நேரத்துக் கூந்தலும் எண்பது லட்சம் புள்ளிகளும்

வஞ்சி மாநகரில் ஆண் துறவியின் வேடத்தில் திரியும் மணிமேகலை, எதிர்ப்படும் ஒவ்வொரு சமயவாதியையும் நிறுத்தி, ‘உன் கொள்கை என்ன, சொல்’ என்று கேட்கிறாள். காப்பியத்தின் 27-ஆவது காதை முழுக்க இந்த விசாரணைதான். அளவைவாதியும் சைவவாதியும் வைணவவாதியும் பேசி முடித்தபின் ஆசீவகன் முறை வருகிறது. நிலம், நீர், தீ, காற்று, உயிர் எல்லாமே அணுக்கள் என்கிறான் அவன். அப்படியானால் அணு ஏன் கண்ணில் படுவதில்லை? தெய்வக்கண் வாய்த்தவர்களுக்குத்தான் ஒற்றை அணு தெரியும், மற்றவர்களுக்கு அது திரண்டால்தான் தெரியும் என்று சொல்லும் ஆசீவகன், கையோடு ஓர் எடுத்துக்காட்டும் தருகிறான். அந்தி மயங்கும் வேளையில் ஒற்றை முடி யார் கண்ணுக்கும் தெரியாது. கற்றையாக இருந்தால் தெரியும்.

கணினி விளையாட்டுக்கு மானிட்டர் வாங்கப் போகிறவர், தெரிந்தோ தெரியாமலோ இந்த ஆசீவகனின் வழக்கைத்தான் கடைக்குள் எடுத்துச் செல்கிறார். ஒற்றைப் புள்ளி கண்ணுக்குத் தெரியாவிட்டால் அதற்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? தெரியும் என்றால், எவ்வளவு தூரத்தில், யாருக்கு?

கடைக்காரர்கள் கையில் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. 24 அங்குலம் என்றால் 1080பி, 27 என்றால் 1440பி, 32 என்றால் 4கே. மோசமான வாய்ப்பாடு இல்லை. முதலாவதில் மொத்தம் 20,73,600 பிக்சல்கள்; இரண்டாவதில் 36,86,400; மூன்றாவதில் 82,94,400. ஆனால் மொத்த எண்ணிக்கையைவிட, ஓர் அங்குலத்துக்குள் எத்தனை புள்ளி அடங்குகிறது என்பதுதான் கண்ணுக்கு முக்கியம். 24 அங்குல 1080பி திரையில் அங்குலத்துக்கு 92 புள்ளி, 27 அங்குல 1440பி திரையில் 109, 32 அங்குல 4கே திரையில் 138. அதே 1080பி-யை 27 அங்குலத்துக்கு இழுத்தால் 82-க்கு இறங்கிவிடும். பெரிய திரைக்கு ஆசைப்பட்டு 32 அங்குலத்தில் 1440பி வாங்குகிறவருக்குக் கிடைப்பதும் பழைய 24 அங்குலத் திரையின் அதே 92 புள்ளிதான். செலவழித்த பிறகும் படம் கூர்மையாகவில்லையே என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் காரணம்.

புள்ளி என்பது வெறும் கணக்கா, உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று சந்தேகப்படுகிறவர்கள் கைப்பேசித் திரையில் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பார்க்கலாம். நீர்த்துளி உருப்பெருக்கியாகிவிடும். வெள்ளை என்று நம்பிய இடத்தில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகத் துணுக்குகள் வரிசைகட்டி நிற்கும். வெள்ளையைத் தேடினால் கிடைக்காது. துளியைத் துடைத்துவிட்டால் மறுபடி வெள்ளை.

இனி தூரம். 1862-இல் ஹெர்மன் ஸ்னெல்லன் என்ற டச்சுக் கண் மருத்துவர் அமைத்த எழுத்து அட்டை இன்றும் கண் மருத்துவமனைச் சுவர்களில் தொங்குகிறது. அதன் அளவுகோலில் நல்ல பார்வை என்பது, ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறிவது. அதாவது ஒரு டிகிரிக்கு 60 புள்ளி. திரையிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால், 24 அங்குல 1080பி திரை டிகிரிக்கு 38 புள்ளிதான் தருகிறது. 27 அங்குல 1440பி 45 தரும். 32 அங்குல 4கே 57. 27 அங்குலத்திலேயே 4கே என்றால் 67. நாற்காலியைப் பின்னால் தள்ளினால் எல்லா எண்களும் ஏறும், முன்னால் குனிந்தால் இறங்கும். ஆக, அட்டைப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்துவிட முடியாது. மேசையின் அகலம் தெரியாமல் மானிட்டரைப் பரிந்துரைப்பவர் பாதி விவரத்தை வைத்துக்கொண்டு பேசுகிறார்.

2010-இல் ஐபோன் 4-ஐ அறிமுகப்படுத்திய ஸ்டீவ் ஜாப்ஸ், கையில் பிடிக்கும் தூரத்தில் அங்குலத்துக்கு 300 புள்ளியைத் தாண்டிவிட்டால் மனிதக் கண்ணால் புள்ளிகளைப் பிரித்தறிய முடியாது என்றார். அந்தக் கைப்பேசியில் 326 இருந்தது. பிக்சல் என்ற விவகாரமே தீர்ந்துவிட்டது என்ற தொனி அதில் இருந்தது. அப்போதே எதிர்ப்பும் கிளம்பியது: ஸ்னெல்லன் எல்லை சராசரிப் பார்வைக்கானது, கூர்மையான கண்கள் அதைத் தாண்டும் என்றார்கள்.

இந்தச் சண்டையின் மூத்த வடிவம் நியாய சூத்திரத்தின் நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது. முழுப்பொருள் என்று தனியாக ஒன்று கிடையாது, அணுக்களின் குவியல்தான் கண்ணில் படுகிறது என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. சாட்சிக்கு அதுவும் கூந்தலைத்தான் அழைக்கிறது: திமிரம் என்ற கண்நோய் உள்ளவனுக்கு ஒற்றை முடி தெரியாது, கற்றை தெரியும். சூத்திரக்காரர் மறுக்கும் விதம் அழகானது. புலனுக்குத் தன் வட்டத்துக்குள் கூர்மையும் மங்கலும் உண்டு. வட்டத்துக்கு வெளியே அதற்கு வேலையே இல்லை. நோயாளிக்குத் தெரியாத முடி நல்ல கண்ணுள்ளவனுக்கு ஒவ்வொன்றாகத் தெரிகிறது. பரமாணுவோ எந்தக் கண்ணுக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை எத்தனை கோடி சேர்த்தாலும் தெரிவதாக ஆகாது. ஆகவே கண்ணில் படுவது குவியல் அல்ல, முழுப்பொருள்.

முழுப்பொருள் பற்றிய முடிவை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் பாடு. ஆனால் அந்த மறுப்புக்குள் இருக்கும் பாகுபாடு மானிட்டருக்கு அப்படியே பொருந்துகிறது. இப்போதைக்குத் தெரியாதது ஒன்று, என்றைக்குமே தெரிய வழியில்லாதது வேறொன்று. பிக்சல் முடியின் கட்சி, பரமாணுவின் கட்சி அல்ல. ஒரு சாண் முன்னால் குனிந்தால் அது தெரிந்துவிடும். ஜாப்ஸின் விளம்பரம் முடியைப் பரமாணு என்று விற்றது.

2025-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் மெட்டா நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இந்த எல்லையை மறுபடி அளந்தது. கறுப்பு வெள்ளை வடிவங்களில் கண் டிகிரிக்கு 94 புள்ளி வரை பிரித்தறிகிறது, சிவப்பு-பச்சையில் 89, மஞ்சள்-ஊதாவில் 53 மட்டுமே. ஒரே கண்ணுக்கு நிறத்துக்கு ஒரு எல்லை! போதாததற்கு, ஒரு கோடு நூலிழை விலகியிருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் திறமை ஸ்னெல்லன் எல்லையைவிடப் பல மடங்கு நுட்பமானது. விளையாட்டில் சாய்வான மின்கம்பியோ கூரை விளிம்போ படிக்கட்டுபோலத் தெரிந்து எரிச்சலூட்டுவது இதனால்தான். ‘கண்ணால் பார்க்க முடிவது இவ்வளவுதான்’ என்று ஒரே எண்ணைச் சொல்லி முடித்துக்கொள்ள வழியில்லை.

அப்படியென்றால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு கூர்மையை வாங்கிவிடுவதுதானே? 1690 என்று ஆண்டிட்டு வெளிவந்த தம் பெருநூலில் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் இதற்கு ஒரு கற்பனையால் பதில் சொல்கிறார். ஒருவனுக்கு நுண்ணோக்கியைவிட ஆயிரம் மடங்கு, லட்சம் மடங்கு கூர்மையான கண் வாய்த்தால் என்ன ஆகும்? பொருள்களின் உள்ளமைப்பை அவன் காண்பான். ஆனால் மற்றவர்களோடு அவனால் பேச முடியாது, அவன் பார்க்கும் உலகமே வேறு. வெட்டவெளி வெயிலைத் தாங்க முடியாது. கடிகாரத்தின் வில்சுருளில் உள்ள துகள்களை எண்ணிவிடுவான். முள்ளையும் எண்களையும் சேர்த்துப் பார்த்து மணி என்ன என்று சொல்ல மாட்டான். சந்தைக்குப் போய்வரக்கூட அந்தக் கண் உதவாது. படைத்தவன் புலன்களை வாழ்க்கைத் தேவைக்கு அளந்து கொடுத்திருக்கிறான் என்பது லாக்கின் முடிவு. படைத்தவனை விட்டுவிட்டுப் பரிணாமம் என்று வைத்துக்கொள்பவருக்கும் இந்த வாதம் முக்கால்வாசி நிற்கும். கீதையின் பதினோராம் அத்தியாயத்தில் தெய்வக்கண் பெற்ற அர்ஜுனன் கடைசியில் கேட்பதும் பழைய உருவத்தைத்தான்.

லாக்கின் பக்கம் சாட்சி சொல்ல எதிர்பாராத கூட்டம் ஒன்று இருக்கிறது. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள். பரிசுத் தொகைக்காக ஆடும் இவர்களுக்குப் பெரிய திரையும் 4கே-யும் எட்டாத பொருள்கள் அல்ல. ஆனாலும் 24, 25 அங்குலத் திரைகளுக்கு முன்னால், சிலர் மூக்கு இடிக்கும் அளவுக்கு நெருக்கமாக, உட்கார்ந்திருக்கிறார்கள். அதிலும் பலர் இருக்கிற 1080பி-யைக்கூடப் பயன்படுத்துவதில்லை. 1280×960 என்று இறக்கி, 4:3 படத்தைத் திரை முழுக்க இழுத்துவிடுகிறார்கள். மொத்தம் 12,28,800 புள்ளி. கைவசம் உள்ளதில் பாதிக்குச் சற்றே மேல். பழைய குழாய் மானிட்டர் காலத்துப் பழக்கம் ஒரு காரணம். இழுத்த படத்தில் எதிராளியின் உருவம் மூன்றில் ஒரு பங்கு அகலமாகத் தெரியும் என்பது இன்னொன்று. புள்ளி குறைந்தால் கிராஃபிக்ஸ் கார்டு ஃப்ரேம்களை வேகமாகத் தள்ளும் என்பது மூன்றாவது: 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி விநாடிக்கு ஒரு முறை படம் மாற்றுகிறது, 360 ஹெர்ட்ஸ் திரை 2.8 மில்லி விநாடிக்கு ஒரு முறை. இதற்கு அவர்கள் கொடுக்கும் விலையும் உண்டு. பார்வைப் பரப்பு 106 டிகிரியிலிருந்து 90-க்குச் சுருங்குகிறது. பக்கவாட்டில் ஒதுங்கி நிற்பவன் திரையிலேயே இருக்க மாட்டான்.

அவர்களுக்குக் கதவிடுக்கில் தெரியும் தலை வேண்டும், கதவின் மரரேகை வேண்டாம். எல்டன் ரிங் போன்ற ஆட்டத்தில் குதிரையேறி மலைச்சரிவில் நிற்பவருக்கு நேர் எதிர்: தொலைவில் மின்னும் பொன்மரத்தின் இலைகளுக்காகத்தான் அவர் 32 அங்குலத்தையும் 4கே-யையும் தேடுகிறார். 60 சென்டிமீட்டர் தூரத்தில் அந்தத் திரை பார்வையில் 61 டிகிரியை அடைத்துக்கொள்ளும். 24 அங்குலத் திரை 48 டிகிரியோடு நின்றுவிடும். திரையின் மூலையைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டியிருப்பது முன்னவருக்குத் தோல்வி, பின்னவருக்கு அதுவே இன்பம். இரண்டும் ஆடுகிறவருக்கு 27 அங்குல 1440பி-தான் இன்றைக்கும் நியாயமான இடம். 4கே-யில் பாதிகூட இல்லாத புள்ளிச் சுமையில், 24 அங்குலத்தைவிடக் கூர்மையான படம்.

சுமை என்ற சொல் முக்கியம். திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒரு நிறத்தைக் கணக்கிட்டாக வேண்டும். 2018-இல் என்விடியா டிஎல்எஸ்எஸ் என்ற உத்தியைக் கொண்டுவந்தபின் இந்தச் சுமை புதுவிதமாகப் பகிரப்படுகிறது. 4கே திரைக்கு 1080பி அளவில் மட்டும் படம் வரைந்து, மீதியைப் பயிற்சி பெற்ற நிரல் ஊகித்து நிரப்ப முடியும். நான்கில் மூன்று புள்ளி ஊகம். 2025-இல் வந்த வடிவத்தில், வரைந்த ஒரு ஃப்ரேமுக்கு மூன்று ஃப்ரேம்களை முழுதாகவே ஊகித்துச் சேர்க்கலாம். இரண்டையும் ஒன்றாக இயக்கினால் பதினாறில் ஒரு புள்ளிதான் கணக்கிட்டது, பதினைந்து ஊகம். இதைப் பொய்ப் படம் என்று திட்டுகிறவர்கள் உண்டு. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாதபோது பொய் என்ன, மெய் என்ன என்று கேட்பவர்களும் உண்டு.

ஏழாம் நூற்றாண்டுப் பௌத்தத் தருக்கவாதி தர்மகீர்த்தி இருவரையும்விடத் தெளிவாகப் பேசியிருப்பார். அறிவு சரியா என்பதற்கு அவர் வைக்கும் சோதனை, அதை நம்பிப் போனால் காரியம் ஆகிறதா என்பது. மாணிக்கத்தின் ஒளியை மாணிக்கம் என்று எண்ணி ஓடுபவனும், விளக்கின் ஒளியை மாணிக்கம் என்று எண்ணி ஓடுபவனும் இருவருமே ஏமாந்தவர்கள்தான். ஆனால் முதலாமவன் கையில் மாணிக்கம் கிடைக்கிறது.

ஊகித்த புள்ளிகள் முதல் வகை. எதிராளியின் தோள் விளிம்பைக் கார்டு ஊகித்தே வரைந்திருந்தாலும், அதைக் குறிவைத்துச் சுட்டால் குண்டு படுகிறது. ஊகித்த ஃப்ரேம்கள் இரண்டாவதற்கு நெருங்கியவை. இரண்டு மெய்யான ஃப்ரேம்களுக்கு இடையில் செருகப்படும் அவை ஆட்டக்காரரின் மவுஸ் அசைவைக் கேட்டு உருவானவை அல்ல. அசைவு வழுக்கிக்கொண்டு தெரியும்; கை சொன்னதை ஆட்டம் கேட்கும் வேகம் கூடாது, இடையில் செருகக் காத்திருப்பதால் சற்றுக் குறையவும் செய்யும். மலைச்சரிவில் குதிரையோட்டுகிறவருக்கு இதனால் நட்டமில்லை. கதவிடுக்கைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அதை அணைத்துவைப்பது நல்லது.

27 அங்குலத்தில் 5கே திரை 2014-இலேயே ஆப்பிளின் ஐமேக்கில் வந்துவிட்டது: அங்குலத்துக்கு 218 புள்ளி, 60 சென்டிமீட்டர் தூரத்தில் டிகிரிக்குக் கிட்டத்தட்ட 90. 94 என்ற எல்லைக்கு அநேகமாக வந்தாயிற்று. அப்படியொரு திரையில் புதிய ஆட்டமொன்றை ஓடவிட்டால் ஒரு ஃப்ரேமுக்கு ஒரு கோடியே 47 லட்சம் புள்ளி வேண்டும். அத்தனையையும் முழுதாகக் கணக்கிட்டு வேகமும் தருவது இன்றைய மிக விலையுயர்ந்த கார்டுக்கே திணறல் என்பதால், அவற்றில் பெரும்பகுதியை ஊகம்தான் நிரப்பும்.