கடமையின் எல்லை எது?

பாரிசவாதத்தால் வீழ்ந்த ஒருவர் கண்டி தேசிய வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்புகிறார். உயிர் தப்பிவிட்டது, ஆனால் கை எழவில்லை, நாக் குழறுகிறது. இரத்த அழுத்தத்துக்கு நாள்தோறும் மருந்து வேண்டும். தவறாது கிளினிக் செல்ல வேண்டும். முதற் சில மாதங்களிலேயே இயன்மருத்துவப் பயிற்சியும் வேண்டும். இவை யாவும் அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமே. அவர் வரவில்லையாயின் 'அசட்டை' என்று பழிக்கிறோம்.

இப்பழி நீதியானதா?

தெல்தோட்டை மலையின் லயன் அறையொன்றை எண்ணிப் பாருங்கள். நடக்கவியலாதவரைப் படிகளில் இறக்கி, பஸ் ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுவர இன்னொருவர் வேண்டும். அவர் கொழுந்து பறிப்பவராயின் அன்றைய நாட்சம்பளம் போயிற்று. மருந்துக்கு விலையில்லை, மருந்தை அடைவதற்கு விலையுண்டு. செல்ல இயன்றும் செல்லாதவரையே அசட்டைக்காரர் எனலாம். இயலாதவரைப் பழிப்பது, சமுதாயத்தின் குறையைத் தனிமனிதர் தலையில் ஏற்றுவதாகும்.

"வீடு வீடாக அரசு செல்ல முடியுமா?" என்பர் சிலர். செல்கிறதே! 1926இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலம் முதல், கர்ப்பிணியின் வீட்டைத் தேடி மருத்துவமாது செல்லும் மரபு இந்நாட்டில் வளர்ந்தது. பிரசவ மரணங்கள் பெருமளவு குறைந்தமைக்கு அதுவும் ஒரு காரணம். பிறக்கப்போகும் உயிரைத் தேடிச் செல்லும் அறம், உழைத்துத் தளர்ந்த உயிருக்கு மட்டும் வைத்தியசாலை வாசலில் நின்றுவிடலாமா?

மருந்தும் இயன்மருத்துவரும் தோட்டத்துக்கே வரவேண்டுமெனக் கோருவது இரத்தல் அன்று. நடக்கவியலாதவருக்கும் எட்டும்போதுதான் இலவச வைத்தியம் உரிமையாகிறது.