இடித்த சுவர்

பாண்டிச்சேரிக்குப் போகிறவர்கள் மூன்று மாதா கோயில்களைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ரயிலடிப் பக்கம் 1907இல் திறந்த இருதய ஆண்டவர் கோயில், அதன் வண்ணக் கண்ணாடிகள். கடற்கரைப் பக்கம் 1855இல் கட்டிய கப்ஸ் கோயில். மிஷன் வீதியில் 1791இன் சம்பா கோயில். அழகுதான், இல்லைன்னு சொல்லல. ஆனால் உள்ளே யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று கேட்காமல் தூணையும் கோபுரத்தையும் மட்டும் ரசிக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி.

சம்பா கோயிலுக்கு முன்னே அதே பேரில் ஒரு பழைய கோயில் இருந்தது. அதற்குள் பறையர்களைப் பிரித்து உட்கார வைக்க ஒரு சுவர். 1745 அக்டோபரில் பறையர்கள் பாதிரியாரிடம் போய் நியாயம் கேட்டார்கள், சுவர் இடிபட்டது, சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். நமக்கு இதைச் சொல்கிற நாட்குறிப்பு, பின்னாளில் துய்ப்ளேக்சின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையுடையது. நம்ம ஆளுங்க கதை அடுத்தவன் கணக்குப் புத்தகத்தில்தான் கிடக்கிறது.

சுவரை இடித்தது பாதிரியாரின் கருணை என்று எழுதுகிறவர்கள் உண்டு. கேட்கப் போனவர்கள் போகாமல் இருந்திருந்தால் அந்தக் கருணை எங்கே இருந்திருக்கும்? 1704இல் இதே ஊரில் போப்பின் தூதர் தூர்னோன் ஒரு கட்டளை போட்டார்: நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் குருக்கள் போக மறுக்கக் கூடாது. சாகக் கிடக்கிறவன் வீட்டு வாசலைத் தாண்டுவதற்கே ரோமிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது! 1744இல் போப் ஒப்புக்கொண்ட ஏற்பாடு அதைவிட விசித்திரம். பறையர்களுக்கென்று தனி குருக்கள். சாமியாரையே இரண்டாகப் பிரித்துவிட்டார்கள்.

அந்தப் பழைய கோயிலை 1761இல் இங்கிலீஷ்காரர்கள் இடித்துத் தள்ளினார்கள். ஆகவே சுவர் இருந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கக்கூட ஒரு செங்கல் இல்லை. "இல்லாததை ஏன் தோழர் கிளர்றீங்க, இப்ப எல்லாரும் ஒண்ணாத்தானே பூசை பார்க்கிறோம்" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல மனுஷர்தான்.

அவருக்கு எறையூரைச் சொன்னேன். இதே புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டம். 2008 மார்ச்சில் அங்கே தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று போராடினார்கள். கலவரம் வந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர் இரண்டு பேர் செத்தார்கள். 1745இல் சேர்ந்து உட்கார வேண்டும் என்று கேட்டவர்கள், 263 வருஷம் கழித்துத் தனியாக விடு என்று கேட்கிறார்கள். இது பின்வாங்கல், பிரிவினை என்று உபதேசம் செய்கிறவர்களை நான் ஏற்கவில்லை. விரட்டிப் பிரித்து வைப்பதும், அவமானம் தாங்காமல் எழுந்து போவதும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கலாம். அன்றைக்கும் இன்றைக்கும் கேட்டது மரியாதையைத்தான். சேர்ந்திருந்தால் அது கிடைக்கும் என்று அன்று நம்பினார்கள்.

1950இன் குடியரசுத் தலைவர் ஆணை வேறு, கிறிஸ்தவரானால் நீ பட்டியல் சாதி இல்லை என்கிறது. சீக்கியரை 1956இலும் பௌத்தரை 1990இலும் சேர்த்துக்கொண்டார்கள். சாதி உனக்கு இல்லை என்று சர்க்கார் சொல்கிறது. எறையூரில் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.